வாசகர் கேள்வி–பதில்: தே மைட் பி ஜயன்ட்ஸ்

அமெரிக்க மாற்று ராக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 'தே மைட் பி ஜயன்ட்ஸ்' குழுவை 'நாற்பது ஆண்டுகளாகச் சலிக்காமல் விசித்திரம் செய்துவரும் இருவர்' என்று ஒரே வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: யார் இந்த இருவர்? எப்படிச் சேர்ந்தார்கள்?

பதில்: இருவர் பெயரும் ஜான்தான். ஜான் லின்னல் 1959-இலும் ஜான் ஃப்ளான்ஸ்பர்க் 1960-இலும் பிறந்தவர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லிங்கன் என்ற சிற்றூரில் சிறுவயதிலேயே பழகி, உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பத்திரிகையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பள்ளிக்குப் பிறகு ஆளுக்கொரு திசையில் போனார்கள். லின்னல் ரோட் ஐலண்டில் 'மண்டேன்ஸ்' என்ற நியூ வேவ் குழுவில் வாசித்தார். ஃப்ளான்ஸ்பர்க் கல்லூரிகளில் படித்தார். 1981-இல் இருவரும் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரே கட்டடத்திற்குக் குடிவந்து சேர, அடுத்த ஆண்டே குழு உருவாகிவிட்டது.

1982-இல் சென்ட்ரல் பூங்காவில் நிகராகுவாவின் இடதுசாரிப் புரட்சி இயக்கத்தினரான சாண்டினிஸ்டாக்களை ஆதரித்து நடந்த கூட்டம் ஒன்றில்தான் அவர்கள் முதன்முதலில் மேடையேறினார்கள். ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைந்திருந்த அந்தக் கூட்டத்திற்குப் பொருத்தமாக 'எல் குருப்போ டி ராக் அண்ட் ரோல்' என்று தற்காலிகப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், கவிதை வாசிப்போரும் உடல்மொழிக் கலைஞர்களும் ஒற்றையாள் நாடகக்காரர்களும் மாறி மாறி ஏறும் சிறிய அரங்குகளில் அவர்கள் வளர்ந்தார்கள். ராக் இசைக்கு மட்டுமேயான மேடைகளில் வளராததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஐந்து நிமிடங்களுக்குள் பார்வையாளரைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அடுத்தவருக்கு இடம் விட வேண்டிய மேடை அது. இன்றும் அவர்களுடைய பாடல்கள் பெரும்பாலும் மூன்று நிமிடங்களைத் தாண்டுவதில்லை.

கேள்வி: குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது?

பதில்: 1971-இல் ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்து வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயர் அது. காற்றாலைகளை ராட்சதர்கள் என்று நம்பிப் போருக்குப் போன டான் குயிக்ஸோட்டின் கதையிலிருந்து அந்தப் படம் தன் தலைப்பை எடுத்துக்கொண்டது. பொம்மையைப் பேசவைத்து நிகழ்ச்சி நடத்திவந்த நண்பர் ஒருவர் தமக்காக யோசித்துப் பிறகு வேண்டாம் என்று விட்ட பெயரை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: தொலைபேசியில் பாட்டுப் போட்டுப் புகழ்பெற்றவர்கள் என்று படித்தேன். அது விளம்பர உத்தியா?

பதில்: விளம்பர உத்தியாகப் பிறகு பயன்பட்டது உண்மை, ஆனால் அது பிறந்தது நெருக்கடியில். குழுவின் தொடக்க ஆண்டுகளில் லின்னல் சைக்கிளில் தபால் கொண்டுசெல்லும் வேலை பார்த்துவந்தபோது விபத்தில் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஃப்ளான்ஸ்பர்க்கின் வீட்டில் திருடர் புகுந்து இசைக்கருவிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். மேடையில் வாசிக்கக் கையும் இல்லை, கருவியும் இல்லை என்ற நிலையில், வீட்டில் இருந்த தொலைபேசிப் பதில் இயந்திரத்தில் தங்கள் பாடலொன்றைப் பதிந்து வைத்து, அந்த எண்ணை நாளிதழ்ப் பாணியில் சிறு விளம்பரமாக 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் கொடுத்தார்கள். அழைப்பவர் மணியொலி முடிந்ததும் ஒரு பாடலைக் கேட்பார். அடுத்த முறை அழைத்தால் வேறு பாடல் இருக்கும். இதற்கு 'டயல்-எ-சாங்' என்று பெயர் வைத்தார்கள். சிறப்புக் கட்டணம் எதுவும் இல்லை. புரூக்ளினுக்குப் பேச ஆகும் சாதாரணக் கட்டணம் மட்டும்தான். அலுவலகத்திலிருந்து அழைத்தால் இலவசம் என்பது அவர்கள் விளம்பரத்தில் சேர்த்த குறும்பு வரி.

அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே பாடும். மற்றவர்களுக்கு இணைப்பு கிடைக்காது. நாடா அடிக்கடி சிக்கிக்கொள்ளும். இயந்திரம் பழுதாகிக் கிடக்கும் நாள்களும் உண்டு. அப்படியும் அது 2000-களின் பிற்பகுதி வரை, இடையிடையே நின்றும் ஓடியும், நீடித்தது. இசைத்தட்டு நிறுவனமோ வானொலி நிலையமோ இடையில் இல்லாமல், பாடல் எழுதி முடித்த அதே வாரத்தில் முன்பின் அறியாத ஒருவரின் காதுக்குக் கொண்டுசெல்லும் வழியை, இணையம் பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதே இதில் எனக்கு வியப்பு.

இதில் ஒரு துணைக்கதையும் உண்டு. ஒரு முறை இரண்டு பெண்கள் மூவழி இணைப்பில் இந்த எண்ணை அழைத்துப் பாடலைக் கேட்டுவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுவதும் பதில் இயந்திரத்தில் பதிவாகிவிட்டது. இவர்கள் யார், இது என்ன, பணம் வாங்காமல் பாட்டுப் போட்டால் இவர்களுக்கு எப்படி வருமானம் வரும் என்று அவர்களில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குழுவினர் அந்த ஒலிப்பதிவை எடுத்துத் தங்கள் வெளியீடு ஒன்றிலேயே சேர்த்துவிட்டார்கள். 1991-இல் வெளிவந்த 'மிஸலேனியஸ் டி' தொகுப்பிலும் அதைக் கேட்கலாம். விமர்சகர் யாரும் அந்த அளவுக்கு நேராக அவர்களைக் கேள்வி கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அந்தப் பெண்மணியின் கேள்வியையே நானும் கேட்கிறேன். எப்படித்தான் சம்பாதித்தார்கள்?

பதில்: நீண்ட காலம் சம்பாதிக்கவில்லை என்பதே தொடக்க காலத்தைப் பற்றிய நேரான பதில். அவர்களுடைய மாதிரி ஒலிநாடாவைப் பற்றி 1985-இல் 'பீப்பிள்' இதழில் ஒரு விமர்சனம் வந்தது. ஒப்பந்தம் எதுவும் இல்லாத குழுவின் வீட்டுப் பதிவை லட்சக்கணக்கானோர் படிக்கும் இதழ் ஒன்று எடுத்துப் பேசுவது அரிது. அதன் தொடர்ச்சியாக நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கனில் இருந்த 'பார்-நன்' என்ற சிறு நிறுவனம் 1986-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் 19 பாடல்கள் இருந்தன. 'டோன்ட் லெட்ஸ் ஸ்டார்ட்' பாடலின் வீடியோவை எம்டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால் பெயர் பரவியது. 1964 உலகக் கண்காட்சிக்காகக் குவீன்ஸ் பகுதியில் எழுப்பப்பட்டு அப்போது பாழடைந்து கிடந்த மண்டபத்தில் படமாக்கப்பட்ட அந்த வீடியோவில், கன்சாஸ் மாநிலத்துப் பழைய பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட்டின் முகம் பிரம்மாண்டமான அட்டைகளாகத் தோன்றும். ஏன் அவர் முகம் என்று கேட்டால் காரணம் எதுவும் இல்லை. காரணம் இல்லாததை அவ்வளவு சிரத்தையோடு செய்வதில் அவர்களுக்கு ஒரு தனி விருப்பம் உண்டு.

1988-இல் சொந்த ஊரின் பெயர் தாங்கிய 'லிங்கன்' வந்தது. அதன் பிறகு எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொள்ள, 1990 ஜனவரியில் 'ஃப்ளட்' வெளியானது. எல்விஸ் காஸ்டெல்லோ, மேட்னெஸ் போன்றோரின் ஆல்பங்களைத் தயாரித்த கிளைவ் லாங்கர், ஆலன் வின்ஸ்டான்லி இருவரும் அதில் நான்கு பாடல்களை மட்டும் தயாரித்தார்கள். தயாரிப்புப் பணத்தின் பெரும்பகுதி அந்த நான்கிலேயே கரைந்தது. மீதிப் பாடல்களைக் குழுவினர் மிச்சப் பணத்தில் தாங்களே முடித்தார்கள். அந்த நான்கில் ஒன்றான 'பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்' பிரிட்டனின் தரவரிசையில் ஆறாம் இடம் வரை ஏறியது. இன்னொன்றான 'இஸ்தான்புல்', 'ஃபோர் லேட்ஸ்' குழு 1953-இல் பாடிய பழைய பாடலின் மறுவடிவம். கேலிச்சித்திரத் தொடரான 'டைனி டூன் அட்வென்சர்ஸ்' 1991-இல் இந்தப் பாடலையும் 'பார்ட்டிகிள் மேன்' பாடலையும் எடுத்து ஒளிபரப்பியதில், பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாக ரசிகர்களானார்கள். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளுக்கு வருவது பின்னர் நடந்த கதை.

கேள்வி: எத்தனை புகழ்ந்தாலும் இவர்கள் வேடிக்கைப் பாட்டுக்காரர்கள்தானே? துருத்தியை இழுத்து வாசிக்கும் அக்கார்டியனை வைத்துக்கொண்டு யாரால் தீவிரமாகப் பாட முடியும்?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து, பிழைக்க வழி தேடி ஊர் ஊராய் அலைந்தவர்கள் தோளில் மாட்டியிருந்த கருவி அக்கார்டியன்; அதைக் கேட்டால் சிரிப்பு வருவது அண்மைக் காலத்தில் வந்த பழக்கம். ஆனால் உங்கள் கேள்வியின் உட்கிடை நியாயமானது. 'வேடிக்கை', 'கிறுக்கு' என்ற முத்திரைகள் இந்தக் குழுவின் மேல் அழுத்தமாகவே குத்தப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கே அது பிடித்ததில்லை.

'லிங்கன்' ஆல்பத்தில் உள்ள 'தேல் நீட் எ கிரேன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டைக் கேட்டால் விடுமுறை நாள் உற்சாகம். சொல்லப்படுவதோ, ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டிய வாழ்க்கை இடிந்து விழுவது. இடிபாடுகளை அகற்றப் பாரந்தூக்கி வேண்டும் என்கிற அளவுக்குச் சேதம். அதே ஆல்பத்தின் 'ஆனா இங்', பூமியின் மறுபுறத்தில் இருக்கும், ஒருபோதும் சந்திக்காத ஒருத்தியை நினைத்து ஏங்குபவனின் பாடல். தொலைபேசி விவரக் கையேட்டில் ஒரே குடும்பப்பெயர் பக்கம் பக்கமாக நீள்வதைக் கண்டதிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது. 'ஃப்ளட்' ஆல்பத்தின் 'யுவர் ரேசிஸ்ட் ஃப்ரெண்ட்', விருந்து ஒன்றில் இனவெறி பேசும் ஒருவனோடு அமர்ந்திருக்க மாட்டேன் என்று எழுந்து போகிறவனின் கோபம். அங்கே அவன் சண்டைபிடிப்பது வெறுப்பைப் பேசுகிறவனோடு அல்ல, அவனைப் பொறுத்துக்கொண்டிருக்கும் நண்பனோடு. இந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுத்ததை வேடிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

'பேர்ட்ஹவுஸ்' பாடலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைகள் இருட்டில் பயப்படாமல் தூங்குவதற்காகச் சுவரில் பொருத்தப்படும், நீலப் பறவை வடிவத்திலான சிறு இரவு விளக்குத்தான் அதில் பேசுகிறது. தன்னைப் பெரிய கலங்கரை விளக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறது. தன் எல்லையையும் அறிந்திருக்கிறது. பெருமையும் பணிவும் மாறி மாறி வருகின்றன. லின்னல் மெட்டை முன்பே அமைத்து வைத்திருந்து, அசைக்கு அசை சொல்லை நிரப்பி எழுதியதாகக் கூறியிருக்கிறார். மெட்டுக்குச் சொல் எழுதியவர்களுக்குத் தெரியும், அசை இடித்தால் கருத்து எங்காவது வளைந்துதான் ஆக வேண்டும். அந்த வளைவுகளை மறைக்காமல் அப்படியே விட்டதால்தான், கிரேக்கப் புராணத்து ஜேசனும் அவனது கப்பலும் திடீரென்று அந்தப் படுக்கையறைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சுருதியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நான்கைந்து அடிகளுக்குள் வேறோர் இடத்திற்குத் தாவி, கேட்பவர் அறியாமலே திரும்பி வந்துவிடுகிறது. முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரலாம். பலமுறை கேட்ட பிறகு அதன் கட்டுமானம்தான் கண்ணுக்குத் தெரியும். நகைச்சுவையை மட்டும் நம்பிய பாடல் அத்தனை முறை தாங்காது.

கேள்வி: மேடையில் இரண்டே பேர். தாளம் யார் வாசித்தது?

பதில்: முதல் பத்து ஆண்டுகளில் யாரும் வாசிக்கவில்லை. தாளமும் கீழ்ச்சுருதியும் முன்கூட்டியே பதிந்த நாடாவிலிருந்தும் டிரம் மெஷினிலிருந்தும் வந்தன. அதற்கு மேல் ஃப்ளான்ஸ்பர்க் கிதாரும் லின்னல் அக்கார்டியனும் சாக்ஸஃபோனும் வாசித்தார்கள். நாடா வேகம் குறைக்காது, ரசிகர்கள் கைதட்டினால் காத்திருக்காது. அதற்குள் அடங்கி வாசிக்க வேண்டும். சில பாடல்களில் ஃப்ளான்ஸ்பர்க் ஒரு கனத்த கம்பைத் தரையில் இடித்தே தாளம் கொடுத்தார்.

1994-இன் 'ஜான் ஹென்றி' ஆல்பத்தில் முதன்முறையாக முழுக் குழு வந்தது. 'பேர் உபு' குழுவில் பாஸ் கிதார் வாசித்த டோனி மைமோன் அதில் இருந்தார். இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று இறந்ததாக அமெரிக்க நாட்டார் கதை சொல்லும் தொழிலாளியின் பெயரை, இயந்திரத்தைக் கைவிட்ட ஆல்பத்துக்கு வைத்தார்கள். பழைய ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இருவரின் விநோதம் போய், மற்றக் குழுக்களைப் போல ஆகிவிட்டதே என்று வருந்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆல்பம் அரை மணி நேரம் நீளம் அதிகம் என்பது வேறு விஷயம். ஆனால் மனிதர் வாசிக்கும் தாளம் கிடைத்த பிறகே அவர்கள் பாடலுக்குள் மூச்சுவிட இடம் வைக்கத் தொடங்கினார்கள். கிதார் வாசிக்கும் டான் மில்லரும் பாஸ் வாசிக்கும் டேனி வைன்காஃபும் 1990-களின் பிற்பகுதியிலிருந்தும், டிரம் வாசிக்கும் மார்ட்டி பெல்லர் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தும் உடனிருப்பவர்கள். இருவர் குழு என்ற பெயர் நீடித்தாலும், மேடையில் ஒலிப்பது இந்த நிலையான குழுதான்.

கேள்வி: ஒலிப்பதிவுகளில் இவர்கள் செய்த சோதனைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: இரண்டை மட்டும் சொல்கிறேன். 1992-இன் 'அப்பல்லோ 18' ஆல்பத்தில் 'ஃபிங்கர்டிப்ஸ்' என்ற தலைப்பின்கீழ் 21 துணுக்குகள் உண்டு. சில துணுக்குகள் ஐந்து வினாடிகூட நீடிப்பதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முழுப் பாடலின் பல்லவியைப் போலத் தொடங்கி, பாடல் எங்கே என்று தேடுவதற்குள் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் நள்ளிரவில் வரும் பழைய பாடல் தொகுப்பு விளம்பரங்களை நினைத்துச் செய்தது. குறுந்தகட்டுக் கருவியில் வரிசையைக் கலைத்துக் கேட்கும் வசதி அப்போது புதிது. அதைப் பயன்படுத்தினால் இந்தத் துணுக்குகள் மற்றப் பாடல்களுக்கு இடையில் சிதறி விழும். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆல்பம் கிடைக்கும். இப்படிக் கேட்கும்படி உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். சர்வதேச விண்வெளி ஆண்டாக அறிவிக்கப்பட்ட அதே 1992-இல், அவர்களை நாசா இசைத் தூதர்களாக ஏற்றுக்கொண்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றது இதற்கு நேர் எதிரானது. 1996-இல் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள எடிசனின் ஆய்வகத்திற்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த ஃபோனோகிராஃப் கருவியின் முன் நின்று, மெழுகு உருளையில் பாடிப் பதிந்தார்கள். மின்சாரம் இல்லை, மைக் இல்லை. பெரிய கூம்புக்குழலின் வாய்க்குள் பாட, ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. ஒலியின் அளவைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. யார் குழலுக்கு அருகில், யார் தள்ளி என்பதே ஒலிக்கலவை. அப்படிப் பதிந்த 'ஐ கேன் ஹியர் யூ' பாடல் அதே ஆண்டின் 'ஃபேக்டரி ஷோரூம்' ஆல்பத்தில் இடம்பெற்றது. விமானத்திலிருந்து பேசும் தொலைபேசி, எச்சரிக்கை சொல்லும் கார், உணவகத்தின் வாசல் ஒலிபெருக்கி என்று நவீன வாழ்க்கையின் கரகரத்த குரல்களைப் பற்றியது அந்தப் பாடல். நூறாண்டு பழைய கருவியில் அது அவ்வளவு பொருத்தமாகக் கரகரக்கிறது.

கேள்வி: பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறிய பிறகு வழக்கமாகக் குழுக்கள் மறைந்துபோகும். இவர்கள் எப்படித் தப்பினார்கள்?

பதில்: 'ஃபேக்டரி ஷோரூம்' வந்த பிறகு எலெக்ட்ராவுடனான உறவு முடிந்தது. தப்பியதற்குக் காரணம், அவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே வாசலை நம்பி இருந்ததில்லை என்பதுதான் என் கணிப்பு. 1990-களின் நடுவில் ஃப்ளான்ஸ்பர்க் சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு சிறு குறுந்தகடு அனுப்பும் 'ஹலோ ரெக்கார்டிங் கிளப்' நடத்தினார். 1999-இல் 'லாங் டால் வீக்எண்ட்' ஆல்பத்தைத் தட்டாக அச்சிடாமல் எம்பி3 கோப்புகளாக மட்டும் விற்றார்கள். ஐபாட் சந்தைக்கு வர அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. 2000-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'மால்கம் இன் த மிடில்' தொடருக்கு எழுதிய 'பாஸ் ஆஃப் மீ' என்ற தலைப்புப் பாடல் 2002-இல் கிராமி விருது பெற்றது. 'டெய்லி ஷோ' என்ற தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சியின் தொடக்க இசையை அவர்கள் வாசித்த வடிவத்தில் பல ஆண்டுகள் கேட்டோம். டோனட் கடைகளின் விளம்பரங்களுக்கும் பாடினார்கள்.

விளம்பரத்திற்குப் பாடுவதைக் கொள்கைத் துரோகமாகக் கருதுவோர் ராக் உலகில் அப்போது நிறைய இருந்தார்கள். இவர்களோ, கேட்டால் குறித்த நாளில் பாடல் செய்து கொடுக்கும் கைவினைஞர்களாகத் தங்களைப் பார்த்தார்கள். பதில் இயந்திரத்திற்கு வாரந்தோறும் தீனி போட்டுப் பழகிய கைகளுக்கு முப்பது வினாடிப் பாடல் சிரமமாக இருந்திருக்காது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் இல்லை. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தட்டாக அச்சாகி ஆர்ப்பாட்டமாக வர வேண்டிய 'மிங்க் கார்' ஆல்பம் கடைகளுக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 11. நியூயார்க் குழுவின் ஆல்பத்தை அன்று யார் கவனித்திருப்பார்கள்? பல தயாரிப்பாளர்களின் கைபட்டு ஒருமை இல்லாமல் போன ஆல்பம் அது என்பதால், நல்ல நாளில் வந்திருந்தாலும் பெரிதாக ஓடியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: குழந்தைப் பாடல்களுக்குப் போனது சரிவின் அடையாளம் இல்லையா?

பதில்: 2002-இன் 'நோ!' ஆல்பத்தோடு அது தொடங்கியது. பிறகு டிஸ்னி நிறுவனத்தின் வழியாக 2005-இல் எழுத்துகளைப் பற்றியும், 2008-இல் எண்களைப் பற்றியும், 2009-இல் அறிவியலைப் பற்றியும் ஆல்பங்கள் வந்தன. எண்களைப் பற்றியது 2009-இல் சிறந்த குழந்தை இசை ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. குழந்தைகளிடம் இவர்கள் குரலை மாற்றிக்கொண்டு கொஞ்சுவதில்லை; பெரியவர்களுக்கு எழுதிய அதே கைதான் இங்கும் எழுதுகிறது.

அறிவியல் ஆல்பத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். சூரியன் எரிகிற வாயுத் திரள் என்று விளக்கும் பழைய கல்விப் பாடல் ஒன்று 1959-இல் வந்தது. அதை இவர்கள் 1993-இலேயே பாடி, மேடைகளில் பெரும் வரவேற்புப் பெற்றிருந்தார்கள். அறிவியல் ஆல்பத்திலும் அதைச் சேர்த்தார்கள். ஆனால் சூரியன் வாயு அல்ல, அயனிகளும் எலெக்ட்ரான்களும் பிரிந்து நிற்கும் பிளாஸ்மா என்பதால், உடனடியாக அடுத்த பாடலாக ஒரு திருத்தத்தை எழுதி வைத்தார்கள்: முந்தைய பாடலில் சொன்னது காலாவதியாகிவிட்டது, சரியான விவரம் இதோ என்று அது தொடங்கி, பிளாஸ்மாவை விளக்குகிறது. கோட்பாடு தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதே அறிவியல் என்பதை ஒரு பாடத்தில் சொல்லாமல், இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டிவிட்டார்கள். இதைச் சரிவு என்று சொல்பவரோடு எனக்கு வாதம் செய்ய விருப்பமில்லை.

கேள்வி: இரண்டு பேரும் இத்தனை ஆண்டுகள் பிரியாமல் இருப்பதன் ரகசியம் என்ன?

பதில்: அந்தரங்கம் நமக்குத் தெரியாது, வேலைமுறை தெரியும். இருவரும் பெரும்பாலும் தனித்தனியாகவே எழுதுகிறார்கள். பொதுவாக எழுதியவரே பாடுகிறார். லின்னலின் பாடல்கள் மூக்கொலிக் குரலில் வளைந்து நெளியும். ஃப்ளான்ஸ்பர்க்கின் பாடல்கள் மார்பிலிருந்து முரசு போல வரும். ஆனால் உறையில் எழுதியவர் என்ற இடத்தில் குழுவின் பெயரே இருக்கும். ஒருவர் பாடல் வெற்றி பெற்றால் மற்றவர் பின்தங்கிவிட்டார் என்ற கணக்கு எழ இதில் இடமில்லை. தனியாகச் செய்ய ஆசை வந்தபோது லின்னல் அமெரிக்க மாநிலங்களைப் பற்றி 'ஸ்டேட் சாங்ஸ்' ஆல்பத்தையும், ஃப்ளான்ஸ்பர்க் 'மோனோ பஃப்' என்ற பக்கக் குழுவையும் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

கேள்வி: இப்போதும் பாடுகிறார்களா, பழைய புகழில் காலம் தள்ளுகிறார்களா?

பதில்: 2015-இல் 'டயல்-எ-சாங்' முறையைக் கட்டணமில்லா எண்ணோடும் இணையத்தோடும் மீட்டெடுத்து, ஆண்டு முழுவதும் வாரம் ஒரு புதிய பாடலை வெளியிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய இருவர் தங்களுக்குத் தாங்களே அந்தக் கெடுவை வைத்துக்கொண்டார்கள். 'க்ளீன்', 'ஒய்?', 'ஃபோன் பவர்' என்ற மூன்று ஆல்பங்கள் அதிலிருந்து கிடைத்தன. 2021-இன் 'புக்' ஆல்பம் புகைப்படங்களும் தட்டச்சில் அடித்த பாடல் வரிகளும் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகமாகவே வெளிவந்தது.

'ஃப்ளட்' வெளிவந்த முப்பதாம் ஆண்டுக்கான சுற்றுப்பயணம் பெருந்தொற்றால் தள்ளிப்போய், ஒருவழியாக 2022 ஜூனில் மன்ஹாட்டனில் தொடங்கியது. முதல் நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஃப்ளான்ஸ்பர்க் வந்த காரின் மீது மற்றொரு வாகனம் மோதியது. விலா எலும்புகள் பல முறிந்தன. பயணம் மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. குணமாகி அதே ஆண்டிலேயே மேடைக்குத் திரும்பினார்.

அந்த நிகழ்ச்சிகளில் அவர்கள் செய்யும் ஒரு வித்தையை விவரிக்காமல் விட மனமில்லை. 'ஃப்ளட்' ஆல்பத்தின் 'சஃபையர் புல்லட்ஸ் ஆஃப் ப்யூர் லவ்' பாடலை முதல் பாதியில் பின்னோக்கி வாசிக்கிறார்கள். கடைசிச் சொல்லின் கடைசி ஒலியில் தொடங்கி, உயிரும் மெய்யும் தலைகீழாக, மெட்டும் தலைகீழாக, முதல் ஒலி வரை அரங்கத்தின் முன் நேரடியாகப் பாடுகிறார்கள். கேட்பவருக்கு அது அறியாத மொழியாகவே இருக்கும். அதை அங்கேயே வீடியோவாகப் பதிந்து, இடைவேளைக்குப் பிறகு பின்னோக்கி ஓட்டிக் காட்டுகிறார்கள். இப்போது பாடல் நேராக ஒலிக்கிறது. ஆனால் உதடுகளின் அசைவும் டிரம் குச்சிகளின் போக்கும் எங்கோ இடறுகின்றன. அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு பாடலைத் தலைகீழாக மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள் என்றால், பழைய புகழில் காலம் தள்ளுவதற்கு இதைவிடச் சுலபமான வழிகள் அவர்களுக்கு இருந்தன.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: எல்லாரும் 'ஃப்ளட்' என்பார்கள், தவறில்லை. நான் 'லிங்கன்' ஆல்பத்தைச் சொல்வேன். 'ஆனா இங்' பாடலின் வெட்டி வெட்டி வரும் கிதார் பிடிக்கவில்லையென்றால் மற்றவையும் பிடிக்காது. பிடித்துவிட்டால் 'அப்பல்லோ 18', பிறகு 2011-இன் 'ஜாயின் அஸ்' என்று போகலாம். வீட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தை இருந்தால் அறிவியல் ஆல்பத்தில் தொடங்குங்கள். சூரியனைப் பற்றிய அந்த இரண்டு பாடல்களையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள்.